வீட்டில் இசை செய்ய: எதை முதலில் வாங்குவது, எதை விட்டுவைப்பது

கடைக்குப் போகமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மைக்குக்கு முன்னால் என்ன இருக்கப் போகிறது? தனிக் குரலா, மிருதங்கமா, நாதஸ்வரமா? இல்லை, மைக்கே தேவைப்படாமல் கீபோர்ட்டில் வாசித்துக் கணினிக்குள்ளேயே கட்டுகிற இசையா? ஊர்க் கோயிலுக்குப் பக்திப் பாடல் செய்ய நினைக்கிறவருக்கும், குறும்படத்துக்குப் பின்னணி இசை போடுகிறவருக்கும், ராப் பாடுகிற பெடியனுக்கும் வேண்டிய சாமான்கள் வேறு வேறு. இதை முடிவெடுக்காமல் "ஸ்டூடியோ செட்" என்று ஒரே பெட்டியில் விற்பதை வாங்கினால் பாதி பாவிக்கப்படாமலே கிடக்கும். மலிவான பெட்டிகளில் கொண்டென்சர் மைக்கை (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) லப்டொப்பின் ஹெட்போன் துளையில் குத்துகிற ஒரு வயரும் இருக்கும். அந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை அந்தத் துளை கொடுக்காது. மைக் பாதி உயிரோடு வேலை செய்ய, குரலுக்குக் கீழே "ஸ்ஸ்" என்ற இரைச்சல் விடாமல் ஓடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

அறை

காசு செலவில்லாமல் ஆகக்கூடிய வித்தியாசம் தருவது அறைதான். சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் சத்தத்தை விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். அறையின் நடுவில் நின்று ஒருதரம் பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் "ட்ரிங்" என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் உங்கள் பாட்டின் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையைத் தவிருங்கள். 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையில் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வீங்கும். மூன்று பக்கமும் 10 அடி என்றால் அதே சுரங்களே மூன்று மடங்காக வீங்கும்.

உடுப்பு அலுமாரியும் மெத்தைக் கட்டிலும் உள்ள படுக்கையறை நல்லது. அலுமாரிக் கதவைத் திறந்து விடுங்கள், தொங்குகிற உடுப்பு நன்றாக ஒலியை விழுங்கும். தடித்த கம்பளியையோ பழைய பஞ்சு மெத்தையையோ தொங்கவிடுவதானால் அது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பொதுவாகப் பாவிக்கிற மைக்குகள் முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்பவை. மைக் பாடகரைப் பார்த்தபடி இருக்க, பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் நேரே அதற்குள் போகிறது. கம்பளியைச் சுவரோடு ஒட்டாமல் அரை அடி முன்னால் தொங்கவிட்டால் கீழ்ச் சுரங்களையும் கொஞ்சம் பிடிக்கும்.

முட்டைத் தட்டு ஒட்டுவதில் பயனில்லை. ஒரு அங்குல ஸ்பொஞ்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேல் சுரங்களை மட்டும் தின்றுவிட்டுக் கீழே உள்ள கும்மென்ற சத்தத்தை விட்டுவிடும், குரல் பெட்டிக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் 4 அங்குலத் தடிப்புக்குக் குறையாமல் வாங்குங்கள்.

வெளிச் சத்தத்தை வீட்டில் தடுப்பது செலவான வேலை. நேரத்தைத் தெரிவு செய்வது சுலபம். விடியமுன் காகம் தொடங்கிவிடும். நல்லூர்க் கொடியேறினால் 25 நாள், அதோடு ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் திருவிழா, லவுட்ஸ்பீக்கர். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீற் கூரை வீட்டில் பதிவை நினைக்கவே வேண்டாம். இரவு 10 மணிக்குப் பிறகு கிடைக்கிற நேரம்தான் பெரும்பாலும் உருப்படியானது. ஃபானையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் பாடுங்கள். சித்திரை வெக்கையில் பூட்டிய அறைக்குள் நெடுநேரம் நிற்க முடியாது, அதனால் ஒரு சரணம் பாடி, கதவைத் திறந்து, அடுத்த சரணம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மைக்

கொண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், அதனால் அறையையும் நுணுக்கமாகக் கேட்கும். அறை சரியில்லாத வீட்டில் டைனமிக் மைக்கை (மின்சாரம் தேவைப்படாத வகை) வாய்க்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் கிட்டப் பிடித்துப் பாடுவதுதான் பாதுகாப்பு. இங்கே வேலை செய்வது தூரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. மிகக் கிட்டப் போனால் கீழ்ச் சுரம் தடிக்கும், அதைப் பிறகு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிச் சரி செய்யலாம்.

குரலுக்கு ஷூர் எஸ்.எம். 58 நீண்ட காலம் உழைக்கும் தெரிவு. போலிகள் நிறைய உலாவுகின்றன. உண்மையான எஸ்.எம். 58இன் எடை 298 கிராம், தராசில் வைத்துப் பாருங்கள், நன்றாகக் குறைந்தால் வேண்டாம். எடை சரியாக இருப்பது மட்டும் அத்தாட்சியாகாது, ஆனால் குறைவது காட்டிக்கொடுத்துவிடும். அமைதியான, துணி நிறைந்த அறை கிடைத்தால் ஓடியோ டெக்னிக்கா ஏ.டி. 2020 போன்ற கொண்டென்சர் கர்நாடக சங்கீதக் குரலுக்கும் வயலினுக்கும் அழகாக இருக்கும். வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர், இடையில் ஒரு பொப் ஃபில்டர் (வாய்க் காற்றைத் தடுக்கும் வலை). அது இல்லாவிட்டால் "பக்தி", "பழனி" என்று வருகிற இடமெல்லாம் காற்று அடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கமாகச் சரித்து வைத்தாலும் காற்று விலகிப் போகும்.

யூ.எஸ்.பி. மைக் ஒருவர் மட்டும் பேசவோ பாடவோ காணும். பின்னாளில் மிருதங்கத்தையும் சேர்த்து எடுக்க நினைத்தால் அங்கே தடைப்படும். இரண்டு யூ.எஸ்.பி. மைக்கை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குள் எடுப்பது வின்டோஸில் பெரிய தலையிடி.

வாத்தியங்களுக்கு மைக் வைக்கும் இடம் மைக்கின் விலையை விட முக்கியம். ஒரே மைக்கில் மிருதங்கம் என்றால், முன்னால் அரை மீற்றர் தூரத்தில், கொஞ்சம் மேலிருந்து பார்த்தபடி வைத்து, வலந்தலையும் தொப்பியும் சமமாகக் கேட்கும்வரை இடம் வலமாக நகர்த்துங்கள். இரண்டு மைக் என்றால் பக்கத்துக்கு ஒன்று, தோலிலிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். பதிவு செய்தபின் இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் கும்கி (கும்மென்ற கீழ்ச் சத்தம்) மெலிந்து போனால், மென்பொருளில் ஒரு ட்ராக்கின் (ஒரு மைக்கின் பதிவு) ஃபேஸை, அதாவது ஒலி அலையின் மேல் கீழைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ச் சுரம் உடனே திரும்பி வந்தால் பிழை அதுதான்.

நாதஸ்வரத்துக்கு அணசுக்கு (குழலின் விரிந்த அடிவாய்) நேரே மைக் வைப்பது வழமையான பிழை. கீழ்ச் சுரங்கள் அணசால் சீறிக்கொண்டு வர, மற்றச் சுரங்கள் விரல் துளைகளிலிருந்து வருவதால் சமநிலை குலையும். குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி ஒரு மீற்றர் தள்ளி ஷூர் எஸ்.எம். 57 போன்ற டைனமிக் ஒன்று வையுங்கள். தவிலுக்கும் டைனமிக்தான், அதுவும் ஒரு மீற்றருக்குக் குறையாமல். விரற்கூடு போட்ட அடியைக் கிட்ட இருந்து எடுத்தால் டப்பாவில் தட்டியது போலக் கேட்கும். இணுவில், அளவெட்டி ஊர்களில் வீட்டிலேயே இந்த வாத்தியங்களை எடுக்க விரும்புகிறவர்கள் 10 அடி அறையை மறந்துவிட்டு, விறாந்தையையோ வெறுமையான மண்டபத்தையோ இரவில் பாவியுங்கள். சின்ன அறை அந்தச் சத்தத்தைத் தாங்காது.

கொண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாதீர்கள். கடற்காற்றும் ஈரமும் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் படிந்தால் "டிக், டிக்" என்று வெடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பக்கற். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது, சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

இன்டர்பேஸ்

மைக்கையும் கணினியையும் இணைக்கிற பெட்டி இது. தனியாகப் பாடுகிறவருக்கு ஒரு மைக் வாய் காணும். ஆனாலும் இரண்டு மைக் வாய் உள்ளதை வாங்கச் சொல்வோம். விலை வித்தியாசம் பெரிதில்லை, மிருதங்கமோ கிற்றாரோ சேரும் நாள் எப்படியும் வரும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோவுக்கு ஒரு மைக் வாய், 2ஐ2வுக்கு இரண்டு. பெரிங்கரில் யூ.எம். 2, யூ.எம்.சி. 22 இரண்டும் 16 பிற்றோடு நிற்பவை (பிற் கூடினால் பதிவு நுணுக்கமாகும்). யூ.எம்.சி. 202 எச்.டி. 24 பிற், அதற்குச் சொந்த ஏசியோ டிரைவரும் (இன்டர்பேஸைத் தாமதம் குறைவாகக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) உண்டு. கொஞ்சம் சேர்த்து வைத்து அதையே வாங்குவது நல்லது.

டிரைவர் ஏன் முக்கியம்? பாடும்போது உங்கள் குரல் கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்புகிறது. மென்பொருளில் "பஃபர்" என்று ஒரு எண் இருக்கும், கணினி ஒரு தடவையில் எடுக்கும் ஒலித் துண்டின் அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில் (செக்கனுக்கு 48,000 முறை ஒலியை அளப்பது) 128 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெக்கன், 512 என்றால் 10.7. போய் வரும்போது இரண்டு மடங்கும் அதற்கு மேலும். மொத்தம் 10ஐத் தாண்டும்போதே பாடகருக்குத் தன் குரல் பின்தங்குவது தெரியத் தொடங்கும், தாளம் சறுக்கும். பதிவின்போது 128, மிக்ஸ் செய்யும்போது (பதிந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சமப்படுத்துவது) 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பழைய லப்டொப் 128இல் "கிர்க்" என்று வெடித்தால் 256 வையுங்கள், அல்லது இன்டர்பேஸில் உள்ள டிரெக்ட் மொனிற்றர் பொத்தானை (குரலைக் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு விடுவது) போட்டு, மென்பொருளில் அந்த ட்ராக்கின் மொனிற்றரை நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

கணினிக்கு 8 ஜி.பி. ராம் அடி அளவு, பெரிய சாம்பிள் வாத்தியங்கள் (நிஜ வாத்தியத்தைப் பதிந்து செய்தவை) பாவிப்பதானால் 16. எஸ்.எஸ்.டி. கட்டாயம். பழைய லப்டொப்பைப் புதிதாக மாற்றுவதைவிட, அதற்குள் எஸ்.எஸ்.டி. போட்டு ராமைக் கூட்டுவது பல வேளைகளில் போதுமானது. பதிவின்போது வைஃபையை நிறுத்தி, பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸில் வையுங்கள்.

கரண்டும் வெளிநாட்டுச் சாமானும்

இங்கே பலருக்குச் சாமான் வருவது மாமாவோ சித்தியோ ஊருக்கு வரும்போது கொண்டுவருகிற பெட்டியில்தான். லண்டன், பாரிஸ், சூரிச்சிலிருந்து வருவது 230 வோல்ட், பிளக்கை மட்டும் மாற்றினால் சரி. கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட். யூ.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுக்கும் இன்டர்பேஸுக்கு இதனால் பிரச்சினை இல்லை. அடப்டர் உள்ள எதிலும் பின்பக்க லேபலைப் படியுங்கள். "இன்புட் 100-240 வோல்ட்" என்றிருந்தால் நேரே குத்தலாம். "120 வோல்ட்" மட்டும் என்றிருந்தால் குத்திய உடனே எரியும். அதே வோல்ட், அதே அம்பியர், அதே முனைப் பொசிற்றிவ் நெகற்றிவ் உள்ள அடப்டரை இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கர்களுக்கு ட்ரான்ஸ்போமர் உள்ளே இருக்கும், பின்னால் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இல்லாவிட்டால் கனடாவிலிருந்து தூக்கிவரச் சொல்லாதீர்கள்.

பதிவில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் மைக்கிலும் இன்டர்பேஸிலும் பிழையில்லை, சார்ஜர் வழியாக வருகிற கசிவு. பதிவு முடியும்வரை பற்றரியில் ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு எல்லாச் சாமானையும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பொயின்றிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு எடுப்பது. எர்த் பின்னை வெட்டினால் சத்தம் போகும் என்று சிலர் சொல்வார்கள். உயிராபத்து, ஒருபோதும் செய்யக்கூடாது. கரண்ட் போய் இன்வேர்ட்டரில் ஓடும்போது வருகிற கரகரப்பும் இதே வகை. சுத்தமான சைன் அலை தராத இன்வேர்ட்டர்களில் அது தவிர்க்க முடியாதது, லப்டொப்பின் பற்றரிக்கு மாறுங்கள். மென்பொருளில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மென்பொருள்

எந்த மென்பொருளில் செய்தது என்று பாட்டைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இதற்காக மாதக்கணக்கில் யோசிக்க வேண்டாம். குரலும் வாத்தியமும் மைக்கில் எடுக்கிறவர்களுக்கு ரீப்பர் எங்கள் முதல் தெரிவு. கோப்பு மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும், 60 நாள் எல்லா வசதியோடும் பாவித்துப் பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 டொலர். அதனோடு வாத்தியச் சத்தங்கள் பெரிதாக வராது, அவற்றைத் தனியே இலவச வி.எஸ்.டி.களாக (மென்பொருளுக்குள் செருகும் வாத்தியங்கள்) சேர்க்க வேண்டும். பீற் கட்டி ராப், இலத்திரனியல் இசை செய்கிறவர்களுக்கு எஃப்.எல். ஸ்டூடியோ கைக்கு இசைவானது. அதன் சோதனைப் பதிப்பில் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குரலும் பதிவு செய்வதானால் புரொடியூசர் பதிப்பைப் பாருங்கள். மக் கணினி வைத்திருப்பவருக்குக் கராஜ்பாண்ட் இலவசம், தொடக்கத்துக்குத் தாராளம். இன்டர்பேஸ் வாங்கும்போது ஏபிள்டன் லைவ் லைட் கூட வந்தால் அதையும் திறந்து பாருங்கள். ஓடாசிட்டி வெட்டி ஒட்ட நல்லது, ஆனால் கீபோர்ட் வாசித்துப் பாட்டுக் கட்டுவதற்கு உரியதல்ல.

உடைத்த (காசு கொடுக்காமல் திருடிய) மென்பொருளைப் பென்டிரைவில் வாங்காதீர்கள். வைரஸோடு வரும், அப்டேற் செய்ய முடியாது, பாட்டு முடியும் தறுவாயில் திறக்க மறுக்கும்.

கீபோர்ட், சுருதி, தாளம்

வீட்டில் யமஹா, கசியோ கீபோர்ட் ஏற்கெனவே இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். "யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்" என்று எழுதிய சதுர வாய் இருந்தால் அதுவே உங்கள் மிடி கீபோர்ட் (கணினிக்குள் உள்ள வாத்தியங்களை வாசிக்கும் கீபோர்ட்), ஒரு பிரின்ரர் வயர் காணும். புதிதாக வாங்குவதானால் சுரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் பென்ட் சில்லு உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாமல் கமகம் வராது. சில்லின் வீச்சை வாத்திய மென்பொருளில் இரண்டு அரைச்சுரத்துக்கு வையுங்கள், காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து இழுத்து வாசிக்க அது அளவானது. வயலின், புல்லாங்குழல் சாம்பிள்களை மொனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), லெகாற்றோவில் (சுரங்களை இணைத்து வாசிப்பது) வைத்தால்தான் சுரங்கள் வெட்டுப்படாமல் வழுக்கும்.

சுருதி: கீபோர்ட்டின் சி ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை. தம்பூராவை ஒரு ட்ராக்கில் போட்டு ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் விட்டால் மைக் அதையும் பிடித்து, பிறகு குரலிலிருந்து பிரிக்க முடியாமல் போகும். சுருதி திருத்தும் கருவிகளை கர்நாடகக் குரலில் தானியங்கியாக விடாதீர்கள். அவை ஒவ்வொரு அசைவையும் கிட்டிய அரைச்சுரத்துக்குத் தள்ளும், தோடியின் காந்தாரம் படிக்கட்டாக உடைந்து கேட்கும். பிழைத்த ஒரு சுரத்தைத் தெரிந்தெடுத்துக் கையால் திருத்துங்கள், அல்லது அந்த வரியைத் திரும்பப் பாடுங்கள். பெரும்பாலும் திரும்பப் பாடுவதுதான் விரைவு.

தாளம்: ஆதி தாளத்துக்கு நாலுக்கு நாலில் (4/4) இரண்டு பார் (மென்பொருள் காட்டும் தாளக் கட்டம்) ஒரு ஆவர்த்தனம். ரூபகத்துக்கு மூன்றுக்கு நாலு, மிஸ்ர சாபுவுக்கு ஏழுக்கு எட்டு, கண்ட சாபுவுக்கு ஐந்துக்கு எட்டு. விருத்தம், ஆலாபனைக்குக் கிளிக்கை (மென்பொருள் தட்டும் தாளச் சத்தம்) நிறுத்திவிடுங்கள்.

பதிவு அளவும் ஹெட்போனும்

24 பிற், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவுக்கும் இதுவே பொருந்தும். பாட்டில் ஆக உச்சமான இடத்தை முதலில் பாடச் சொல்லி, மீற்றர் -12க்கும் -6 டெசிபெல்லுக்கும் இடையில் நிற்கும்படி இன்டர்பேஸின் கெயின் குமிழை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) திருப்புங்கள். சிவப்பில் முட்டினால் அந்த உடைவு நிரந்தரம். மொனோ ட்ராக் (ஒரு மைக்கின் ஒற்றைப் பதிவு) ஒன்று நிமிடத்துக்கு 8.6 எம்.பி. அளவில் இடம் பிடிக்கும்.

ஸ்பீக்கரைக் கடைசியாக வாங்குங்கள். சரிப்படுத்தாத சீமெந்து அறையில் நல்ல ஸ்பீக்கரும் பொய் சொல்லும். காது மூடிய வயர் ஹெட்போன் ஒன்று பதிவுக்கும் மிக்ஸுக்கும் காணும். புளூடூத் வேண்டாம், தாமதம் பாடவே விடாது. மிக்ஸை ஃபோனிலும் வான் வண்டியின் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். கோயில் லவுட்ஸ்பீக்கரில் ஓடப்போகிற பாட்டு என்றால், மொனோவாக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஊதுகுழல் ஸ்பீக்கரில் பாஸ் வராது, சொல் விளங்குகிறதா என்பதுதான் அங்கே சோதனை. யூடியூப் ஏறத்தாழ -14 லஃப்ஸுக்கு (பாட்டு முழுக்கக் கேட்கும் சத்தத்தின் அளவு) சத்தத்தைக் குறைத்துவிடும், அதற்கு மேலே நசுக்கிப் பெருப்பிப்பதில் இலாபமில்லை. உச்சத்தை -1 டெசிபெல்லில் நிறுத்துங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் பாடகருக்கோ வயலின்காரருக்கோ ட்ராக் அனுப்பும்போது எல்லாக் கோப்புகளும் பாட்டின் பூச்சியத்திலிருந்தே தொடங்கும்படி வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) ஆக எடுங்கள், அப்போதுதான் அவர் பக்கத்தில் தானாகப் பொருந்தும். வொட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை போகும். கோப்பின் பெயரிலேயே வேகம், கட்டை, 48 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் எழுதிவிடுங்கள். அங்கே 44.1இல் திறந்து மென்பொருள் மாற்றாமல் விட்டால், பாட்டு முக்கால்வாசி கட்டை கீழே இறங்கி மெதுவாக ஓடும்.